உழுபொறியின் நோயும் மருந்தும்

உழவுத் தொழிலில் காலம் தவறுதல் பெருங்கேடு. வாய்க்காலில் நீர் வரும் நாளும், நாற்று முதிரும் நாளும் உழவனுக்காகக் காத்திருப்பதில்லை. தஞ்சைப் பகுதியில் ஓர் உழவர் பழைய டீசல் டிராக்டர் ஒன்றை வைத்திருந்தார். நாற்றங்காலில் நாற்று நடவுக்கு அணியமாக நின்றது. அவ்வேளையில் சேற்றுவயலின் நடுவே டிராக்டர் நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து முடுக்கினால் ஓடும். அரைமணி ஓடியபின் மீண்டும் நிற்கும். “நாசில் கெட்டுவிட்டது” என்றார் ஒருவர்; அவை கழற்றிப் புதுக்கப்பட்டன. “பம்பு பழுது” என்றார் மற்றொருவர். அதற்கும் பணம் செலவாயிற்று. நோய் மட்டும் தீரவில்லை. “இதனை விற்றுவிடுக” என்றார் மூன்றாமவர். உழவர் மனம் கலங்கினார்.

மாடு நோயுற்றால் அதன் கண்ணையும், மூக்கையும், அசைபோடுதலையும் நோக்கி நோயறிவர் உழவர். பொறிக்கும் நோயுண்டு, அந்நோயைக் காட்டும் குறிகளும் உண்டு. அக்குறிகளை உணர்தற்கு முதலில் பொறி இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

டீசல் எஞ்சினைக் கண்டவர் ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர். 1858ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டும். டீசல் எஞ்சினிலோ அதற்கு வேலையில்லை. சிலிண்டரினுள் புகுந்த காற்றைப் பிஸ்டன் மேலெழுந்து ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்குண்ட காற்றின் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் ஏறுகிறது. அந்நொடியில் நாசிலின் நுண்துளைகள் வழியே டீசல் பனிபோலத் தூவப்பெறுகிறது. தூவிய அளவில் தானே பற்றி எரிகிறது. 1960ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் உருவாக்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்களில் மூன்று சிலிண்டர் கொண்ட இத்தகைய எஞ்சின் நெடுங்காலம் உழைத்தது.

எனவே, டீசல் எஞ்சினுக்கு வேண்டுவன நான்கே: தூய காற்று, அதனை நெருக்கும் ஆற்றல், உரிய காலத்தில் வந்து சேரும் தூய டீசல், தொடங்கும்போது போதிய வேகத்துடன் சுழலுதல். நோய் எதுவாயினும் இந்நான்கனுள் எது குறைந்தது என்று வினவுதலே முதற்படி.

எஞ்சின் தொடங்க மறுத்தால், அது சுழலும் விரைவை முதலில் நோக்குக. மெல்லச் சுழன்றால், நெருக்குண்ட காற்று தன் வெப்பத்தைச் சிலிண்டரின் சுவருக்கு இழந்துவிடும், டீசல் பற்றாது. பாட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது அதன் முனைகளில் வெண்ணிறமோ பச்சை நிறமோ கொண்ட பொடி படிந்திருக்கலாம். அப்பொடியை அகற்றி முனைகளை இறுக்குதலே பல வேளைகளில் போதுமான மருந்தாகும்.

விரைந்து சுழன்றும் பற்றாவிடில், புகைபோக்கியை நோக்குக. புகையே வாராதாயின் டீசல் சிலிண்டரை அடையவில்லை என்பது பெரும்பாலும் உறுதி. தொட்டியில் டீசல் உண்டா, அதன் குழாய் திறந்துள்ளதா, வடிகட்டி அடைபட்டதா, நிறுத்தும் பிடி இழுத்தபடியே உள்ளதா என்று ஒவ்வொன்றாகக் காண வேண்டும். தொட்டி வற்றும்வரை ஓட்டினாலும், குழாயின் இணைப்பு தளர்ந்தாலும் டீசற் குழாயினுள் காற்றுப் புகுந்துவிடும். டீசலை நெருக்கித் தள்ளவல்ல பம்பு காற்றைத் தள்ளமாட்டாது. காற்று நெருங்கிச் சுருங்குமேயன்றி நாசிலைத் திறவாது. பட்டறையில் இதனை ‘ஏர் பிடித்தல்’ என்பர். உழவன் ஏர் பிடித்தால் நிலம் உழப்படும். எஞ்சின் ஏர் பிடித்தால் உழவே நின்றுவிடும்!

இதனைத் தீர்த்தல் எளிது. வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, ஊட்டும் பம்பின் கைப்பிடியை அசைத்தால் நுரையுடன் டீசல் கசியும். நுரை நீங்கித் தெளிந்த டீசல் வந்தவுடன் திருகை இறுக்க வேண்டும். அடுத்து, நாசிலுக்குத் தள்ளும் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்தல் வேண்டும். இறுதியாக, நாசிற் குழாய்களின் மரைகளைத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றி, டீசல் வந்தபின் இறுக்குதல் வேண்டும். தொட்டியிலிருந்து நாசில் நோக்கி இம்முறையிலேயே செல்க. முறை மாறினால் உழைப்பு வீணாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நாசிலிலிருந்து பீறிடும் டீசல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட காற்றழுத்த வலிமையுடையது. அது தோலைத் துளைத்து உட்புகும். சிறு புள்ளியெனத் தோன்றும் அப்புண் கையையே இழக்கச் செய்யலாம். கையை அதன்முன் நீட்டலாகாது. பட்டுவிட்டாலோ அக்கணமே மருத்துவமனையை நாட வேண்டும்.

ஓடும் எஞ்சினின் நலத்தை அதன் புகை உரைக்கும். கரும்புகை வருமாயின், எரிபொருள் மிகுந்தது அல்லது காற்றுக் குறைந்தது எனக் கொள்க. காற்று வடிகட்டியில் புழுதி நிறைந்திருத்தலும், தாங்கவொண்ணாப் பளுவை இழுத்தலும், நாசில் தூவாமல் ஒழுகுதலும் இதன் காரணங்கள். நீலப்புகை, மசகெண்ணெய் எரிதலைக் காட்டும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தமைக்கு அது பெரும்பாலும் அறிகுறி. குளிர்ந்த காலையில் தோன்றி மறையும் வெண்புகையால் தீங்கில்லை. அது நீடிக்க, ரேடியேட்டரின் நீரும் குறைந்துவந்தால், நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுறல் வேண்டும். மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் அதனுடன் கலந்துவிட்டது. எஞ்சினை மேலும் ஓட்டுதல் அதனைக் கொல்வதாகும்.

எஞ்சின் நொண்டுவதுபோல் ஒலித்தால், மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு நாசிற் குழாயின் மரையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது தளர்த்தி இறுக்கிப் பார்ப்பர். தளர்த்தியவுடன் ஓசை மாறி வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் நன்கு உழைத்துவந்தது என்பது பொருள். மாற்றமே இல்லையெனின், நோயுற்றது அதுவே. உழையாதவன் விலகினால் வேலை குறைவதில்லை அன்றோ?

எஞ்சின் மிகுதியாகச் சூடேறினால், நீரின் அளவையும், விசிறிப் பெல்ட்டின் இறுக்கத்தையும், ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்த வைக்கோலையும் நோக்குக. சூடு தணியும்முன் அதன் மூடியைத் திறப்போர் கொதிநீரால் வெந்து துன்புறுவர்.

இனி, அவ்வுழவரின் டிராக்டருக்கு வருவோம். இறுதியில் முதியவரான தொழிலறிஞர் ஒருவர் வந்தார். அவர் திருகுக் கருவியைத் தொடவில்லை. “தம்பி, நிற்கும்முன் எவ்வாறு ஒலித்தது? திடுமென நின்றதா, மெல்லத் தேய்ந்து நின்றதா?” என்று வினவினார். “மெல்லத் தேய்ந்து நின்றது, ஐயா, புகையும் இல்லை” என்றார் உழவர். பசியால் வாடிய எஞ்சின் இது என்று முதியவர் உணர்ந்தார். மீண்டும் ஓடச் செய்து, அது நின்ற அக்கணமே தொட்டியின் மூடியைத் திறந்தார். காற்று ‘உஸ்’ என்று உள்ளே பாய்ந்தது. மூடியிலிருந்த சிறு துளை சேற்றால் அடைபட்டிருந்தது. டீசல் இறங்க இறங்க, அவ்விடத்தை நிரப்பக் காற்றுப் புகவில்லை; தொட்டியினுள் வெறுமை மிகுந்து டீசலை இறங்கவொட்டாது தடுத்தது. நின்றபின் காற்று மெல்லக் கசிந்து புகவே, மீண்டும் அரைமணி ஓடியது. முதியவர் மெல்லிய கம்பியால் துளையைத் துப்புரவு செய்தார். பொருட்செலவு ஒன்றுமில்லை. அன்று மாலைக்குள் வயல் உழுது முடிந்தது. மறுநாள் நடவு நடந்தது.

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னரே தீர்க்கும் வழியை நாடுக என்பது திருவள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி. அந்நெறி பொறிக்கும் பொருந்தும். முன்னவர் இருவரும் கையால் தேடினர். முதியவர் செவியாலும் அறிவாலும் தேடினார். எளியதை முதலில் நோக்குதல், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல், குறிகளைப் பொறுமையுடன் கேட்டறிதல் ஆகிய இம்மூன்றும் உடையவனுக்குப் பழைய பொறியும் புதிய துணையாகும்.