கருவில் நேர்ந்த காயமும் குழந்தையின் வளர்ச்சியும்

1941-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண் வைத்தியரான நார்மன் மக்காலிஸ்டர் கிரெக்கிடம், கண்மணி முத்துப்போல் வெளுத்த கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டன. பிறவிக் கண்புரை அபூர்வமான வியாதி. வந்தாலும் பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதே அக்கால வைத்தியர்களின் அபிப்பிராயம். இக்குழந்தைகளோ எடை குன்றி, பால் குடிக்கவும் திணறி, பலர் இருதயக் கோளாறும் உடையவர்களாக இருந்தனர். அவருடைய அறைக்கு வெளியே காத்திருந்த இரண்டு தாய்மார்கள், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தங்களுக்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டதைப் பற்றிப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். முந்திய ஆண்டில் அத்தேசத்தில் பரவியிருந்த அந்த நோயை, இரண்டு மூன்று நாள் உடம்பில் செந்தடிப்புக் கண்டு தானே தணிந்துவிடும் அற்ப உபாதை என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். கிரெக் அத்துடன் விடாமல், சக வைத்தியர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களில் 68 பேரின் தாய்மார்கள் கர்ப்பகாலத்தில் அந்த அம்மைக்கு ஆளானவர்கள்.

இதை உலகம் எளிதில் ஒப்பவில்லை. நிரூபணம் போதாது என்று லண்டன் 'லான்செட்' பத்திரிகை 1944-இல் எழுதியது. ஆனால் 1951-இல் ஆலிவர் லங்காஸ்டர் என்னும் கணித அறிஞர், ஆஸ்திரேலிய ஜனத்தொகைக் கணக்குகளை ஆராய்ந்து, 1899-ஐ ஒட்டிப் பிறந்தவர்களிடையே காது கேளாதோர் வழக்கத்துக்கு மிஞ்சி இருந்ததையும், அதற்குச் சற்று முன்புதான் அங்கே ரூபெல்லா பரவியிருந்ததையும் எடுத்துக் காட்டிவிட்டார்.

கண்ணின் வில்லையும் உட்செவியும் இருதயமும் உருவெடுக்கின்ற முதல் 12 வாரங்களில் நஞ்சுக்கொடியின் வழியே சிசுவை அடையும் வைரஸ், வளரும் அணுக்கள் பெருகும் வேகத்தைக் குன்றச் செய்து, அந்தந்த அவயவம் அந்தந்த நிலையிலேயே குறைப்பட்டு நிற்கும்படி செய்துவிடுகிறது. அந்தக் காலத்தில் தாய்க்கு நோய் கண்டால் 90 சதவீதம் வரை சிசுவுக்குக் கேடு நேரலாம். சில வாரங்கள் பிந்தினால் பெரும்பாலும் செவி மட்டுமே பழுதுபடும்.

ஆனால் பெற்றோர் மனத்தை உறுத்தும் கேள்வி வேறு. இந்தக் குழந்தை எப்படி வளரும்? கண் மங்கிக் காதும் கேளாத சிசு, கைமுஷ்டியைக் கண்ணில் அழுத்திக்கொண்டோ, விளக்கின் முன்னே விரல்களை அசைத்துக்கொண்டோ நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். கண்ணை அழுத்தும்போது உள்ளே ஒளிப்பொறிகள் தோன்றுவதுண்டு. வேறு காட்சி கிட்டாத குழந்தைக்கு அதுவே காட்சி. இதைப் பார்ப்பவர்கள், கூப்பிட்டால் திரும்பாததையும், நடக்கத் தாமதிப்பதையும், வார்த்தை வராததையும் சேர்த்துப் புத்தி மந்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இதைவிடத் துயரமான தவறு தெரியவில்லை. அமெரிக்காவில் 1964-65-இல் பரவிய ரூபெல்லாவினால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள். அவர்களில் 11,000 பேருக்கு மேல் காது கேளாதவர்கள், சுமார் 3,500 பேர் பார்வையற்றவர்கள், புத்தி வளர்ச்சி குன்றியவர்கள் சுமார் 1,800 பேர். அறிவைவிட அறிவுக்குச் செல்லும் வாயில்களே மிகுதியாக அடைபட்டன என்பதற்கு இக்கணக்கே சாட்சி. புத்தியும் மனமும் அறவே தப்பின என்பதில்லை: அக்குழந்தைகளில் 243 பேரை ஆராய்ந்த நியூயார்க் மனநல வைத்தியர் ஸ்டெல்லா செஸ், அவர்களிடையே ஆட்டிசம் மிக அதிகமாக இருந்ததை 1971-இல் வெளியிட்டார்; ஆனால் பின்னர் அவரே அவர்களில் சிலரிடம் அது தணிந்திருக்கவும் கண்டார்.

கிரெக் காலத்துக் குழந்தைகள் கதை இன்னும் தெளிவானது. பிறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1967-இல், சிட்னி வைத்தியர்கள் அவர்களில் 50 பேரைத் தேடிப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய எல்லாருக்குமே செவிக்குறை இருந்தும், இளமையில் அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட அவநம்பிக்கை வார்த்தைகளுக்கு மாறாக, மிகப் பலர் சாதாரண அறிவோடு, வேலை பார்த்துச் சம்பாதித்து, தம் காலில் நின்றார்கள். சிலர் மணம் புரிந்து குடும்பம் நடத்தினார்கள். அறுபது வயதில் மீண்டும் பார்த்தபோது, நீரிழிவும் தைராய்டுக் கோளாறும் அவர்களிடம் மற்றவர்களைக் காட்டிலும் மிகுந்திருந்தன. ஒரு மனிதனின் கருவில் நேர்ந்த காயம் அவனோடு எத்தனை காலம் தொடர்ந்து வருகிறது! ஆகையால் இவர்களைக் குழந்தை வைத்தியரிடம் காட்டிவிட்டால் போதும் என்று இருக்கலாகாது.

ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி 1969-இல் வந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் அது எல்லாருக்கும் எட்டவில்லை. பிறவிக் கண்புரையோடு வரும் சிசுக்களிடம் இந்தத் தொற்றின் அடையாளங்களை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வைத்தியர்கள் பல காலம் பதிவு செய்து வந்தார்கள். 2017 பிப்ரவரியில்தான், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பெரிய இயக்கமாகத் தொடங்கியது. ஊசிக்கு அஞ்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோரும் அப்போது உண்டு. அவர்கள் இந்தச் சரித்திரத்தை அறிந்திருந்தால் அஞ்சியிருக்கமாட்டார்கள்.

தடுப்பூசியே இன்னும் இல்லாத சைட்டோமெகலோ வைரஸ், கருவில் தாக்கும் தொற்றுகளில் இன்று மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. சிறு பிள்ளைகளின் எச்சில், சிறுநீர் வழியே தாய்க்கு வருவது. அத்தொற்றோடு பிறக்கும் சிசுக்களில் மிகப் பெரும்பாலோர் பிறக்கும்போது எந்தக் குறையும் தோன்றாதவர்கள். அவர்களிலும் சிலருக்குச் செவி மாதங்கள், ஆண்டுகள் கழித்தே மெல்ல மங்குகிறது. எனவே பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் காது சரியென்று எழுதிக் கொடுத்த குழந்தைக்கும், இத்தொற்று இருந்ததென்று தெரிந்தால், பள்ளிப் பருவம் வரையில் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் செவியைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். குறை தெரிந்தவுடன் காதுக் கருவியோ, உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியோ, கையசைவு மொழியோ கொடுத்துவிட்டால், மொழி பிறக்க வேண்டிய ஆண்டுகள் அக்குழந்தைக்கு வீணாவதில்லை.