டயரின் சாட்சியம்

நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் தலைமுறையாக லாரித் தொழில் செய்துவருகிற எந்த யஜமானரைக் கேட்டாலும், டீசலுக்கு அடுத்தபடியாகக் கையைக் கடிக்கிற செலவு டயர்ச் செலவுதான் என்பார். ஆனால் அந்த டயரோடு கம்பெனி கொடுத்த உத்தரவாதக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாலோ, காகிதம் எங்கே இருக்கிறது என்பதே பலருக்கு நினைவிராது.

உத்தரவாதம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. தரையில் படுகிற பட்டன் ரப்பர் அடுக்கு விட்டுப் பெயர்வது போன்ற தயாரிப்புக் குறைகளுக்கு ஈடு செய்வது ஒன்று. பட்டன் இத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று வாக்களித்து, அதற்கு முன்பே தேய்ந்தால் குறைந்துபோன ஓட்டத்துக்கு ஈடு தருவது மற்றொன்று. இரண்டிலும் புது டயர் இலவசமாக வந்துவிடும் என்று எண்ணுவது வெறும் மனோராஜ்யம். புதிதில் 18 மில்லிமீட்டர் ஆழமிருந்த பட்டன் பள்ளம், குறை வெளிப்பட்ட நாளில் 9 மில்லிமீட்டராக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். லாரி டயரை 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயவிடக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. ஆகவே உழைக்கக்கூடிய 16.4 மில்லிமீட்டரில் எஞ்சியிருப்பது 7.4. புது டயர் விலையில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு தள்ளுபடியாகும். கணக்கின் நுணுக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், அனுபவித்த ஓட்டத்தைக் கழித்துக்கொள்வது மட்டும் மாறாது.

கணக்குக்கு முன்னால் பரிசோதனை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலான கிளெய்ம்கள் உயிர்விடுவது அங்கேதான். டீலர் கடைச் சுவரில் சாய்த்து வைத்த டயருக்கு முன் குந்தி உட்காருகிற கம்பெனி ஆள், வரிசை எண்ணையும், தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்லுகிற நான்கு இலக்கங்களையும் குறித்துக்கொண்டு, ஆழம் பார்க்கிற சிறு கருவியைப் பள்ளத்தில் பல இடங்களில் இறக்கிப் பார்க்கிறார். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பட்டன் உயர்ந்து நின்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே இடத்தில் திட்டாக மழுங்கியிருந்தால் பிரேக் பிடித்த வேகத்தில் சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது. பிறகு உள்ளங்கையால் பட்டனைக் குறுக்காக ஒருபுறமும் மறுபுறமும் தடவுவார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போன கை, திரும்பி வரும்போது ரம்பப் பல்லில் பட்டதுபோல் உறுத்தினால், அலைன்மென்ட் தவறிய வண்டி என்று தீர்ப்பாகிவிடும். பின் அச்சின் ஜோடியில் புது டயருக்குப் பக்கத்தில் தேய்ந்த டயரை மாட்டுகிற வழக்கமும் இப்படித்தான் காட்டிக்கொடுத்துவிடும். விட்டம் குறைந்தது ஒழுங்காக உருளாமல் இழுபட்டு இன்னும் விரைவாகத் தேய, பெரியதோ தன் பங்குக்கு மேல் பாரம் சுமந்து சூடேறுகிறது. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் பராமரிப்புக் குறை என்று எழுதி நிராகரிப்பார்கள். அதிக பாரம் என்பது இன்னொரு காரணம். இன்றைய வாடகை விகிதத்தில் அளவான பாரத்தோடு ஓடி எத்தனை பேர் தவணை கட்ட முடியும் என்பது வேறு விஷயம்.

டயர் பொய் சொல்லுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதன் சாட்சியத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுகிறவர் எதிர்க்கட்சியின் சம்பளக்காரராக இருப்பது என் அபிப்பிராயத்தில் நியாயமான ஏற்பாடன்று. உரிமையாளரிடம் எழுத்தில் ஒரு ஆதாரமும் இல்லாதபோது, பரிசோதகருடைய சொல்லே கடைசிச் சொல்லாகிவிடுகிறது. பில், மாட்டிய தேதி, அன்று மீட்டர் காட்டிய கிலோமீட்டர், முன்பின் மாற்றிய நாட்கள், அலைன்மென்ட் பார்த்த ரசீது ஆகியவற்றை வரிசை எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்திருப்பவரிடம் பரிசோதகரின் குரல் சற்று இறங்கித்தான் பேசும். தேய்மான உத்தரவாதத்துக்கோ, மாட்டிய நாள் மீட்டர் கணக்கு இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; ஆனால் எல்லோருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்கியவரை நுகர்வோராகக் கொள்ளாமல், சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு அளிப்பதால், பல லாரிகளை ஓடவிட்டிருக்கிற முதலாளியைவிட, ஒரே வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கிற டிரைவருக்கு அங்கே வலுவான இடம் உண்டு. வழக்குக்கு இடமேற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமில்லை. தேவைப்பட்டால் ஆணையமே பொருளைத் தகுந்த சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். அதற்கு டயர் இருக்க வேண்டும். நிராகரித்த கோபத்தில் மறுநாளே அதை ரீட்ரேடிங்குக்குக் கொடுத்துவிட்டால், பழைய பட்டனை அவர்கள் சீவி எறிந்துவிடுவார்கள்.