கடைமடைக்கு எட்டாத ஆக்சிஜன்

திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷிக்கு 1949 தொடக்கத்தில் இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டி திரும்ப வந்தது. மார்ச்சில் மீண்டும் அறுவை; சார்க்கோமா என்ற புற்று எனத் தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆகஸ்ட்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு அறுவைகள். 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் காலமானார்.

அந்த ரேடியம் என்ன செய்யப் பார்த்தது? கதிர் புற்றைச் சுட்டுப் பொசுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வேலையின் பெரும்பகுதி மறைமுகமானது. செல்லுக்குள் பெரும்பங்கு தண்ணீர். கதிர் பாய்ந்ததும் தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் என்ற ஃப்ரீ ராடிக்கல் பிறக்கிறது. அதில் ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். ஜோடிக்காகப் பக்கத்தில் அகப்பட்டதிலிருந்து பிடுங்கும். அகப்பட்டது டிஎன்ஏ என்றால் இழை அறுந்துபோகும். (முகக் கிரீம் விளம்பரங்கள் நம்மைப் பயமுறுத்தும் அதே ஃப்ரீ ராடிக்கல்தான். கதிர் சிகிச்சை நடக்கும்போது ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம் என்பது இதனால்தான்.)

ஹைட்ராக்சிலின் ஆயுள் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் சில நானோமீட்டர் தூரம் போகும். டிஎன்ஏ-வின் அகலமே 2 நானோமீட்டர். குப்பியில் அடைத்து ஊசியில் ஏற்றும் சரக்கு அல்ல இது. பிறப்பதும் தாக்குவதும் கட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். இதற்கு நானோ துகள்களை நாடுகிறார்கள். துகள் ராடிக்கலைச் சுமந்துபோவதில்லை; அதைப் பிறப்பிக்கும் பொருளைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

சேர்த்தாலும் ஒரு சிக்கல். டிஎன்ஏ-வில் விழுந்த அறுப்பைச் செல் ஒட்டவைத்துக்கொள்ளாமல் தடுப்பது ஆக்சிஜன். அது இல்லாத இடத்தில் அதே அழிவுக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்குக் கட்டியின் உள்நிலவரம் சட்டென்று புரியும்: மடையை ஒட்டிய வயல்கள் குடித்தது போக மிச்சம் இருந்தால்தான் கடைமடைக்கு. ரத்தக் குழாயிலிருந்து ஏறக்குறைய 150 மைக்ரோமீட்டர் தள்ளிப்போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். 1955-ல் நுரையீரல் புற்றுக் கட்டிகளின் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்து தாம்லின்சனும் கிரேயும் இதைக் கணக்கிட்டார்கள். அந்த வறண்ட ஓரத்தில் செத்தும் சாகாமலும் கிடக்கும் செல்கள்தான் கதிருக்குத் தப்பி, பின்னால் மறுபடி தலைதூக்கக்கூடியவை.

ஆகவே ஆக்சிஜனே கேட்காத ராடிக்கல்களைத் தேடுகிறார்கள். ஏஐபிஹெச் என்ற சேர்மம் சூடேறினாலே உடைந்து ராடிக்கல் தரும். அதை ஏந்திய துகளை அகச்சிவப்பு லேசரால் சூடாக்குகிறார்கள். ஆனால் அந்த ஒளி உடம்புக்குள் சில சென்டிமீட்டரைத் தாண்டாது. இன்னொரு வழி, இரும்பு. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஹென்றி ஃபென்டன் 1894-லேயே எழுதிவிட்டார். புற்றுக் கட்டியில் பெராக்சைடு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சுரக்கிறது. இரும்புத் துகளைச் சேர்த்தால் ஹைட்ராக்சில் பிறக்கும். ஷாங்காய் ஆய்வாளர்கள் 2016-ல் எலிகளில் காட்டிய பிறகு ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. ஆனால் இந்த ஃபென்டன் வினைக்கு நல்ல புளிப்பு வேண்டும், கட்டியிலோ லேசான புளிப்புத்தான்; போதாக்குறைக்குப் புற்றுசெல் குளூட்டாதயோனைச் சேர்த்துவைத்து வருகிற ராடிக்கலை அணைக்கிறது. இந்த வழிகள் பெரும்பாலும் எலியைத் தாண்டவில்லை.

தாண்டாததற்கு இன்னொரு காரணம், வழி. நரம்பில் ஏற்றும் துகள்களில் கட்டியைச் சேர்வது எவ்வளவு என்று டொரன்டோவில் வாரன் சானின் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 2016-ல் வந்த விடை: நடுமதிப்பு 0.7 சதவீதம். பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. நானோ மருத்துவம் பற்றிய உற்சாகச் செய்திகளில் இந்த எண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை.

மனிதர்வரை வந்து சேர்ந்தது சுற்றுவழியை விட்டுவிட்ட ஒன்று. ஹாஃப்னியம் ஆக்சைடு துகள்; சுமார் 50 நானோமீட்டர். ஊசியால் நேரே கட்டிக்குள் ஒரே முறை செலுத்துகிறார்கள். ஹாஃப்னியம் கனமான தனிமம். எக்ஸ் கதிரை அதிகம் விழுங்கி எலக்ட்ரான்களாகக் கொட்டும். அக்கம்பக்கத்துத் தண்ணீரில் ராடிக்கல் பெருகும். கதிர் நின்றால் துகளும் சும்மா கிடக்கும். முதலில் பெரிய அளவில் சோதித்தது மென்திசு சார்க்கோமாவில், அதாவது ரமணருக்கு வந்த ரகத்தில். ஐந்து வாரம், 25 தவணை கதிர், பிறகு அறுவை. எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுசெல் 5 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தவர்கள் துகள் பெற்றோரில் 16 சதவீதம். கதிர் மட்டும் பெற்றோரில் 8 சதவீதம். இரட்டிப்பு என்று தலைப்புப் போடலாம். 84 சதவீதம் பேருக்கு அது நடக்கவில்லை என்றும் போடலாம். 2019-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது.

கடைமடைப் பிரச்சினையை ஹாஃப்னியம் தீர்க்கவில்லை; கதிரின் வீரியத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே. கதிர் இயந்திரம் இல்லாமல் அதற்கு வேலையும் இல்லை. ‘கரண்டு வைக்க’ என்று நம் பக்கத்தார் மதுரைக்குப் போவது அந்த இயந்திரத்துக்காகத்தான். முதல் நாள் தோலில் மையால் குறி போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்கள்; மறுநாள் அதே குறியில் கதிர். படுத்திருப்பது சில நிமிடம், பஸ்ஸில் போவது அரை நாள். கீமோ தாங்காத முதியவர்களின் வாய், தொண்டைப் புற்றுக்கு இதே துகளை வைத்து 2022-ல் பெரிய சோதனை ஒன்று தொடங்கியது. அதிலும் ஊசி ஒரு முறைதான். கரண்டு வைக்கும் வாரங்கள் குறைவதில்லை.