உழவு நிலத்தில் வெடியாத குண்டுகள்: அகற்றும் பொறுப்பு யாருடையது?

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக மகா யுத்தத்தில், பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கிலும், அதனை அடுத்த பெல்ஜியத்தின் ஈப்பர் வட்டாரத்திலும் பொழியப்பட்ட பீரங்கிக் குண்டுகளுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெடியாமலே சேற்றில் புதைந்தன என மதிப்பிடுவர். நூறாண்டு கடந்தும் அவை தீர்ந்தபாடில்லை. குளிர்காலத்து உறைபனியால் கற்கள் மேலெழும்புவதுபோலவே குண்டுகளும் சிறுகச் சிறுக எழும்புகின்றன. உருளைக்கிழங்கும் சர்க்கரை பீட்டும் பயிரிடும் குடியானவர்கள் உழுங்கால் அவை கொழுவில் தட்டுப்படும். ‘இரும்பு அறுவடை’ என்பது இதற்கு வழங்கும் பெயர். பெல்ஜியத்தில் மாத்திரம் ஆண்டொன்றுக்கு 150 முதல் 200 டன் வரை கிடைக்கிறது.

நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதில் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது பொறுப்புகளின் பங்கீடாகும். நிலம் குடியானவனுடையதாயினும் அதிலுள்ள குண்டை அகற்றும் கடமை அவனுடையதன்று. உழவை நிறுத்தி, இடத்திற்கு அடையாளமிட்டு, தகவல் கொடுப்பதே அவன் வேலை. பிரான்ஸில் அவன் கிராமத் தலைவரான மேயருக்கோ போலீஸாருக்கோ அறிவிக்க, அவர்கள் ஜில்லா அதிகாரிக்குத் தெரிவிப்பார்கள். அவர் உள்நாட்டு இலாகாவைச் சேர்ந்த வெடி அகற்றும் நிபுணர்களை அனுப்புவார். இந்த நிபுணர் படை 1945-இல் ஏற்படுத்தப்பட்டது. இராணுவத்திற்குச் சொந்தமான நிலங்களில் மட்டும் இராணுவமே அவ்வேலையைச் செய்யும். பெல்ஜியத்திலோ போலீஸாருக்குச் சொன்னவுடன், இராணுவத்தின் தனிப் பிரிவினர் பூல்கப்பெல்லே என்ற ஊரிலிருந்து லாரியில் வந்து எடுத்துச் செல்கின்றனர்.

சட்டம் இவ்வாறிருக்க, வழக்கம் வேறு. பல குடியானவர்கள் குண்டைத் தாமே தூக்கிச் சாலையோரத்துக் கம்பத்தடியில் வைத்துவிடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் லாரிக்குக் காத்திருக்க மனமில்லாமை நமக்கும் புரியக்கூடியதே. ஆயினும் அந்தத் துருவேறிய இரும்பு இன்னும் சாகவில்லை. 2014 மார்ச்சில் ஈப்பரில் அத்தகைய குண்டொன்று வெடித்துக் கட்டிட வேலையாட்கள் இருவர் மாண்டனர். மெஸீன் மேட்டுக்கடியில் சுரங்கம் தோண்டிப் புதைத்து, 1917-இல் வெடிக்காமல் விடப்பட்ட வெடிமருந்துக் குவியலொன்று 1955-இல் இடி விழுந்து வெடித்தது. நல்லவேளையாக ஒரு பசுவே பலியாயிற்று.

எடுத்துச் சென்றபின் அழிப்பதே கடினமான பகுதி. சர்க்கார்கள் அதிகம் தவறியதும் இங்கேதான். குண்டுகளிற் சில விஷவாயு நிரம்பியவை. துருவேறியபின் வெளிப்பார்வையால் வேற்றுமை தெரியாததால் எக்ஸ்ரே பிடித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. முற்காலத்தில் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. யுத்தம் முடிந்தவுடன் பெல்ஜியத்தார் சுமார் 35,000 டன் குண்டுகளைத் தம் கடற்கரையருகே மணற்றிட்டொன்றில் கொட்டினார்கள். கடலில் கொட்டும் வழக்கம் 1980 வரையில் நிற்கவில்லை. வெர்டன் அருகே 1928-இல் சுமார் 2,00,000 விஷவாயுக் குண்டுகளைத் திறந்த வெளியில் எரித்தனர். அவ்விடத்து மண்ணில் பாஷாணம் மிகுந்து, இன்றும் புல் பூண்டு முளைப்பது அரிதாயிருக்கிறது. அதைச் சாகுபடிக்கு மீட்பதற்கு நமது எருவும் சுண்ணாம்பும் போதா.

வட பிரான்ஸிலுள்ள விமி கிடங்கிலோ, சேகரித்த குண்டுகளை அழிக்க ஏற்பாடின்றி ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தனர். அவை கசியத் தொடங்கவே, 2001 ஏப்ரலில் சுற்றுப்புறத்தார் 12,000-க்கு மேற்பட்டவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி, குளிரூட்டிய லாரிகளில் அக்குண்டுகளை ஸுவீப் இராணுவ முகாமுக்குக் கொண்டு சென்றனர்.