அம்மா கழற்றிக் கொடுத்த டாலர்

பாட்டியின் அட்டிகை, அம்மாவின் மூக்குத்தி என்று பெண்ணுக்கு எடுத்துக் கொடுக்கிறோம். எத்தனை சவரன் என்பதையும் சொல்லி விடுகிறோம். ஏன் கொடுக்கிறோம் என்பதை மட்டும் சொல்லுவதில்லை, இல்லையா?

எமி டான் 1989-ல் எழுதிய 'த ஜாய் லக் கிளப்' என்ற ஆங்கில நாவலில் இப்படி ஒரு நகை வருகிறது. அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மார்கள், அங்கேயே வளர்ந்த அவர்களுடைய பெண்கள், இவர்களின் கதை அது.

சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டில் சீனப் புத்தாண்டு விருந்து. சூயுவான் நண்டு சமைத்திருக்கிறாள். தட்டு சுற்றி வரும்போது, சிநேகிதியின் மகள் வேவர்லி நல்ல நண்டுகளாகப் பொறுக்கித் தன்னைச் சேர்ந்தவர்களுக்குப் போட்டு விடுகிறாள். கடைசியில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று கால் போனது! சூயுவானின் மகள் ஜிங்-மெய் அதைத்தான் எடுக்கப் போகிறாள். அம்மா தடுத்து, நல்லதை மகளுக்கு விட்டு, கால் போனதைத் தான் எடுத்துக் கொள்கிறாள்.

பேச்சு வாக்கில் வேவர்லி, ஜிங்-மெய்யின் வேலையை எல்லோர் எதிரிலும் மட்டம் தட்டுகிறாள். பெற்றவளும் பரிந்து பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்!

விருந்து முடிந்ததும், சமையலறையில் அம்மா தன் கழுத்திலிருந்து ஜேட் என்ற பச்சைக் கல் டாலரைக் கழற்றி நீட்டுகிறாள். மற்றவர்கள் எல்லாம் உசத்தியானதையே தேட, நீ ஒருத்திதான் வேறு மாதிரி நினைத்தாய் என்கிறாள். தன் உடம்பில் கிடந்த கல் மகளின் உடம்பில் பட்டால் தன் மனசு அவளுக்குப் புரியும் என்பது அவள் எண்ணம். தினமும் அணிந்தால் கல்லின் பச்சை கூடும் என்றும் சொல்கிறாள்.

மகளுக்கோ டாலர் பிடிக்கவில்லை. ரொம்பப் பெரிசு, பகட்டு! பெட்டியில் போட்டு மறந்து விடுகிறாள்.

சில மாதங்களுக்குள் அம்மா திடீரென்று இறந்து போகிறாள். அதற்குப் பிறகுதான் டாலர் தினமும் கழுத்தில் ஏறுகிறது. அதில் செதுக்கியிருக்கும் கோடுகளுக்கு என்ன அர்த்தம்? கேட்க அம்மா இல்லை. அதே மாதிரி டாலர் அணிந்த ஒருவரைச் சந்திக்கிறாள். அவருக்கும் அம்மா கொடுத்ததுதான். அர்த்தம் அவருக்கும் தெரியாது!

விருந்தில் பரிந்து பேசாத தாய் தன் மகளை எவ்வளவு உயர்வாக நினைத்தாள் என்பதற்கு அந்த டாலர்தான் சாட்சி. ஆனால், மகள் அதைத் தெரிந்து கொள்ள நாளாகி விட்டது.

அடுத்த முறை பெண்ணுக்கு வளையலோ தோடோ கொடுக்கும்போது, அவளிடம் நீங்கள் கண்ட நல்ல குணத்தையும் வாய் விட்டுச் சொல்லுங்களேன். நேரில் சொல்லக் கூச்சமா? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நகைப் பெட்டியில் வைத்தாலும் போதும்.