லென்ஸ் வாங்க முன்னர் கண்ணின் அளவைக் கேளுங்கள்

கண்புரை சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடன் எமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எந்த நாட்டு லென்ஸ் நல்லது?" என்பதுதான். பிள்ளைகள் ஆளுக்கொரு தொகை போடுகிறார்கள். வெளிநாட்டில் உள்ள மகன், விலை கூடியதையே வைக்கச் சொல்கிறார். கண் அளவெடுக்கும் பணியில் இருப்பவன் என்ற வகையில் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப் போனது. ஆனால், "உம்மாவின் கண்ணுக்கு எத்தனை பவர் வந்தது? எந்த முறையில் அளந்தீர்கள்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. உண்மையில், சத்திரசிகிச்சைக்குப் பின்னர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெளிவாகப் பார்க்கலாம் என்பது அந்த அளவிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான வில்லை மங்கிப் போவதே கண்புரை. அதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி பொருந்தாவிட்டால் மறுநாளே மாற்றலாம். கண்ணுக்குள் வைத்த லென்ஸை அப்படி இலகுவாக மாற்ற முடியாது.

1949இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் டொக்டர் ஹெரல்ட் ரிட்லி முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் செயற்கை லென்ஸ் வைத்தார். அந்த முயற்சி கண் மருத்துவத்தையே மாற்றியது. ஆனால் லென்ஸின் பவர் கண்ணுக்குப் பொருந்தவில்லை. நோயாளிக்குக் கடுமையான குறும்பார்வை ஏற்பட்டது. லென்ஸ் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு முதல் சாட்சி அதுவே.

இரண்டு அளவுகள் முக்கியமானவை. ஒன்று, கண்ணின் முன்பக்கத்திலிருந்து பின்பக்க விழித்திரை வரையான நீளம். வளர்ந்தவர்களுக்கு இது சராசரியாக 23.5 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மற்றது, கண்ணின் முன்னால் உள்ள விழிவெண்படலத்தின் வளைவு. இதன் பவர் பொதுவாக 43, 44 டயொப்டர் அளவில் இருக்கும்.

1980களில் பரவலாகப் பயன்பட்ட எஸ்.ஆர்.கே. சூத்திரத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். லென்ஸுக்குரிய மாறிலியிலிருந்து கண் நீளத்தின் 2.5 மடங்கையும், வளைவின் 0.9 மடங்கையும் கழிக்க வேண்டும். மாறிலி 118.4, நீளம் 23.5, வளைவு 44 என்றால் விடை சுமார் 20 டயொப்டர். அதே கண்ணின் நீளத்தை 22.5 எனப் பிழையாக அளந்துவிட்டால் விடை 22.5ஐத் தாண்டுகிறது. ஒரே ஒரு மில்லிமீற்றர்தான் பிழை. ஆனால் அந்த லென்ஸை வைத்தால், தெருவில் எதிரே வருபவரின் முகம் கண்ணாடியில்லாமல் தெளிவாகத் தெரியாது. இன்றைய சூத்திரங்கள் இதைவிட நுட்பமானவை. ஆனாலும் பிழையான அளவைக் கொடுத்தால் அவையும் பிழையான விடையையே தரும்.

அளவெடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மரக்கச் செய்யும் துளி மருந்து விட்டு, சிறு கருவியைக் கண்ணில் தொட்டு எடுக்கும் ஸ்கேன். கருவி சற்று அழுத்தினாலும் கண் தட்டையாகி நீளம் குறைவாகக் காட்டும். மற்றது, 1999 முதல் பாவனைக்கு வந்த, கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் முறை. இது கூடிய துல்லியமானது. ஆனால் புரை மிகவும் தடித்துப் போனால் அந்த ஒளி ஊடுருவாது.

"நல்லா முத்தட்டும், பழுத்த பிறகு வெட்டலாம்" என்ற பேச்சு எமது ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது பழைய காலச் சத்திரசிகிச்சை முறைக்குரியது. இன்று அப்படிக் காத்திருந்தால் சத்திரசிகிச்சையும் சிரமமாகும், துல்லியமாக அளக்கும் வாய்ப்பும் கைநழுவும்.

அளவெடுக்க வருபவர்கள் சில விடயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க முன்னர் லேசர் சிகிச்சை செய்திருந்தால் வழமையான கணக்குப் பிழைக்கும். கொன்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் வைத்தியர் கூறும் நாட்களுக்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வளைவின் அளவு மாறிவிடும்.

எந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்கே தெளிவு தரும். வாகனம் ஓட்டும் வாப்பாவுக்குத் தூரப் பார்வை முக்கியம். குர்ஆன் ஓத அவர் கண்ணாடி போடலாம். நாள் முழுவதும் தையல் மெசினில் இருக்கும் உம்மா கிட்டப் பார்வையை விரும்பக்கூடும். தூரமும் கிட்டவும் காட்டும் விலை கூடிய லென்ஸ் எல்லோருக்கும் ஏற்றதல்ல. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைப் பொதுவாகச் சிபாரிசு செய்வதில்லை. கடன்பட்டு அதை வாங்க முன்னர் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும் ஏழைகளுக்கு லென்ஸ் வாங்கிக் கொடுப்பது பெரும் உதவி. அதோடு, அவர்களை நேரகாலத்தோடு நல்ல முறையில் அளவெடுக்க அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தால் அந்தப் பணம் முழுப் பயனையும் தரும். அளவு பொருந்தினால் விலை குறைந்த லென்ஸும் நல்ல பார்வை தரும். அளவு பிழைத்தால், எந்த நாட்டு லென்ஸாக இருந்தாலும் மீண்டும் கண்ணாடிதான் துணை.