வாடா மலர்கள்

வாடாமல்லிப் பூ ஒன்றைப் பறித்து மேசைமீது வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் பார்த்தாலும், அது பறித்த அன்றிருந்த நிறத்தோடும் வடிவத்தோடும் காணப்படும். அருகில் வைத்த ரோசாவோ சில நாளிலேயே துவண்டு, இதழ் கறுத்து உதிர்ந்துவிடும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

வாடாமல்லியில் இதழ்கள்போல் தோன்றுவன உண்மையில் இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். அவை இயல்பாகவே காகிதம்போல் நீர்ப்பசை குறைந்தவை. உண்மையான பூக்கள் மிகச் சிறியனவாய் அவற்றினிடையே மறைந்துள்ளன. ரோசா இதழிலோ பெரும்பகுதி நீரே. அந்நீர் மெல்ல மெல்லக் குறையுங்கால் இதழ் சுருங்குகிறது. ஈரம் முற்றும் நீங்குமுன் பூஞ்சணம் பற்றுகிறது. ஆதலின், அழுகல் வந்து சேருமுன் நீரை வெளியேற்றுவதே பூக்களை உலர்த்தும் கலையின் உயிர்நிலை. வெயிலில் இட்டால் விரைவில் உலருமே என்று தோன்றும். ஆயின், நீரை விரட்டும் வெயில் நிறத்தையும் உடன் கொண்டுபோய்விடும். இருளும் காற்றோட்டமும் உள்ள அறையே இதற்கு ஏற்றது.

கோழிக்கொண்டை, வாடாமல்லி, புல்வகைகள் ஆகியவற்றை உலர்த்துதல் எளிது. பனி நீங்கிய பின், பூ முற்றும் விரியுமுன் பறித்தல் வேண்டும்; தொங்கும்போதும் பூ சிறிது விரியும். இலைகளை நீக்கிச் சிறு சிறு கட்டுகளாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவர். அங்ஙனம் தொங்கினால்தான் காம்பு வளையாமல் நேராக உலரும். கட்டு பெரிதாயின் நடுவிலுள்ள பூக்கள் அழுகும். காம்புகள் உலரும்போது மெலிவதால், நூற்கட்டு தளர்ந்து பூக்கள் நழுவி விழுவதும் உண்டு. இரண்டு மூன்று வாரங்களில் வேலை முடிந்துவிடும்.

ரோசாவிற்கு மணல் வேண்டும். நுண்மணலைக் கழுவி நன்கு உலர்த்திப் பெட்டியில் பரப்பி, அதில் பூவை நிறுத்தி, முதலில் இதழ்களின் அடியிலும் பின்னர் மேலுமாகச் சிறுகச் சிறுகச் சொரிதல் வேண்டும். ஒரே வீச்சில் கொட்டினால் இதழ்கள் நசுங்கிவிடும். பொறுமையில்லாதவர் இம்முறையைத் தொடாதிருத்தல் நன்று. மணலுக்குப் பதிலாகச் சிலிக்கா ஜெல் என்னும் ஈரமுறிஞ்சும் மணிகளை இட்டால் சில நாட்களிலேயே பூ உலர்ந்துவிடும். அம்மணிகளைச் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். தாமரைப் பொகுட்டிற்கோ இத்தகைய பாடு எதுவும் இல்லை. முற்றியதைப் பறித்து வைத்தாலே போதும்.

தோட்டத்துப் பூவைப் பறித்தவர் மறுபடியும் விதை ஊன்றலாம். காட்டுப் பூவிற்கோ தானே உதிர்க்கும் விதையன்றி வேறு வழியில்லை. பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து மலைகளில், 'செம்ப்ரெ விவா', அஃதாவது 'என்றும் வாழ்வது', எனப்படும் பூக்கள் மெல்லிய காம்புகளின் நுனியில் பூக்கின்றன. பறிக்கும் பருவத்தில் மக்கள் குடும்பத்தோடு மலையேறிப் பாறைக் குகைகளில் தங்குவர். அப்பூக்கள் அயல்நாட்டு வீடுகளையும் அணிசெய்கின்றன. விற்பனை பெருக, விதை முற்றுமுன்னரே பறிக்கப்பட்டுச் சில வகைகள் அருகின. 2002-ஆம் ஆண்டில் அங்கே ஒரு தேசியப் பூங்கா அமைந்தது. அதன் எல்லைக்குள் பூப்பறித்தல் தடைசெய்யப்பட்டது. பூக்களால் வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பிற்கு ஊறு நேர்ந்தது. எப்போது பறிப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதைத் தாங்கள் வழிவழியாக அறிந்தவர்கள் என்று அவர்கள் வாதாடினர். 2020-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அவர்களது வாழ்க்கை முறையை உலக வேளாண்மை மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.